கருட சேவை அன்று வந்த டிரங்க் கால்

போன மாதம் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், அந்தக் காலத்துல ஊர்ல பேசறதையெல்லாம் நீங்க ஒட்டுக் கேப்பீங்களாமே, நிஜமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நாங்க கேக்க மாட்டோம்மா, அதுக்கெல்லாம் ஏது நேரம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது. முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். கேட்டாயா என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லியே பழகிவிட்டேன். அது பொய்யா நிஜமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் வேறு நச்சரித்துக்கொண்டிருக்கிறார். சரி, அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட பதிலாக இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு வந்தேன். மதராஸில் மூன்று மாதப் பயிற்சி. 'நம்பர் ப்ளீஸ்' என்பதை நூறு விதமாகச் சொல்லச் சொல்லி, அதில் ஒரு விதத்துக்கு மட்டும் தலையாட்டினார்கள். காதில் விழுவது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

எக்ஸ்சேஞ்ச் ஒரு மாடியில் இருந்தது. கிழக்கே மூன்று சன்னல். காலை வெயில் நேராக போர்டின் மேல் வந்து விழும். பித்தளைத் துளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பளபளக்கும். அந்த வெளிச்சம் இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது. போர்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்ன மூடி. வீட்டில் இருப்பவர் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி படக்கென்று விழும். நான் ஒரு பிளக்கை அந்தத் துளையில் செருகி, கீ என்கிற சின்ன விசையை இழுத்து, என்ன நம்பர் என்று கேட்க வேண்டும். ஜோடிப் பிளக்கை அவர் கேட்ட துளையில் செருகி மணி அடிக்க வேண்டும். பேச ஆரம்பித்ததும் கீயைத் தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும். கீயைத் தள்ளாவிட்டால் எல்லாம் காதில் விழும். தள்ளிவிட்டால் ஒன்றும் விழாது. ஒரு விரல் அசைவுதான் வித்தியாசம்.

நம்பர் கேட்டால் யார் நம்பர் சொன்னார்கள்? "எம்மா, டாக்டரைக் குடு" என்பார்கள். "டாக்டர் இந்நேரம் குளிச்சுக்கினு இருப்பார், பத்து நிமிஷம் கழிச்சு கூப்பிடுங்க" என்று நானும் சொல்வேன். வாயைத் திறப்பதற்கு முன்பே யார் வீடு என்று சத்தம் சொல்லிவிடும். பதினெட்டில் தறி ஓடும். முப்பத்தொன்றில் கிளி கத்தும். இருபத்தேழில் ரைஸ் மில்லின் பெல்ட் பட்பட்டென்று அடித்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில், வெளியூர்க் கால்கள் வருகிற டிரங்க் லைனில் ஒரு ரீங்காரம் வரும், யாரோ வெகு தூரத்தில் வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி. வேலை இல்லாத மதியங்களில் அதைக் கேட்டுக்கொண்டே சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

அந்த லைனின் மறுமுனையில் ராஜம் இருந்தாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவள் இன்னும் இருக்கிறாள், திட்டுவாள். எட்டு வருடம் தினமும் பேசினோம், முகத்தைப் பார்த்ததில்லை. அவள் பிள்ளைக்குப் பல் முளைத்தது எனக்குத் தெரியும். என் வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரியும். என் புருஷன் பெயரும், அவர் யாரிடம் வேலை பார்க்கிறார் என்பதும் மட்டும் அவளுக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் யார் புருஷன் பெயரைச் சொன்னார்கள்? எங்க வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

எங்கள் சூப்பர்வைசர் பட்டாபிராமன் சார். ரப்பர் செருப்பு போட்டிருப்பார், நடக்கிற சத்தம் கேட்காது. எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய். ஏலக்காய் வாசனை வந்தால் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர் மேசையில் ஒரு கீ இருந்தது. அதைத் தட்டினால் நாங்கள் லைனில் பேசுவது அவருக்குக் கேட்கும். எப்போது தட்டுவார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாள்கூடக் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அதுதான் பயமே.

சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு வேலை செய்தேன். தறிக்காரர் ஒருவரின் மகளை மதராஸிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் டிரங்க் போட்டு வேண்டாம் என்று சொன்னபோது என் கீ திறந்திருந்தது. வேண்டுமென்றே திறந்து வைத்தேனோ என்னவோ. மறுநாள் மார்க்கெட்டில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். பாவம் என்று மனசு இளகி, "வுடுங்கக்கா, இத்தவிட நல்ல எடமா வரும்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் புருஷன் இன்னும் அவளிடம் சொல்லவேயில்லை. செய்தி போய்ச் சேரும் முன்பே நான் துக்கம் விசாரித்துவிட்டேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

புகார் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது. பட்டாபிராமன் சார் என்னைக் கூப்பிடவில்லை. நான் மதராஸில் கையெழுத்துப் போட்ட தாளை ஃபைலிலிருந்து எடுத்து, என் போர்டுக்கு எதிரே ஒரு கிளிப்பில் மாட்டினார். ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு மூடி விழும்போதும் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு 'நம்பர் ப்ளீஸ்' சொன்னேன். எட்டாம் நாள் அவரே வந்து எடுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குக் காது நன்னா கேக்கறது எஸ்தர். அது தப்பில்லை. வாய்க்கு அது தெரியப்படாது" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொல் வெளியே விட்டதில்லை. அந்த ஒரு கருட சேவை வரைக்கும் அது எனக்குக் கஷ்டமாகவும் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சாலமன். இருபத்தேழாம் நம்பர் ரைஸ் மில் முதலாளி கன்னியப்பனிடம் கார் டிரைவர். கறுப்பு அம்பாசிடர். முதலாளியின் இரண்டு பேத்திகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதுதான் முக்கியமான வேலை. இரண்டும் ரெட்டைப் பின்னல் போட்ட வாலுகள். "சாலமன் மாமா, வேகமாப் போ, வேகமாப் போ" என்று பின்சீட்டில் குதிக்கும். இவர் வேகமாகப் போக மாட்டார். கூரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, நாலு வருடம் லாரியில் கிளீனராக இருந்து, லைசென்ஸ் வாங்கி, அந்த வேலையில் உட்கார்ந்தவர். வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். குடி கிடையாது. மதுவிலக்கு இருந்த காலம், ஒளிந்து குடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். டீக்கடை மாதிரி சாராயக்கடை வந்தது. எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் 'அப்படி அதுல இன்னாதான் இருக்குது' என்று போய்ப் பார்த்த காலம். நம்ம ஆள் மாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த வைகாசி கருட சேவைக்கு முதல் நாள் முதலாளி அவருக்கு லீவு கொடுத்தார். வேன் வைத்திருந்த சிநேகிதன் ஒருவன், ராஜத்தின் ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் காஞ்சிபுரத்தில் கொண்டுவந்து விடணும், டிரைவர் இல்லை என்று கூப்பிட்டான். இவரும் போனார். எனக்குக் கருட சேவை அன்று காலை டூட்டி. எங்களுக்குப் பண்டிகை டிசம்பரில்தான் என்பதால் ஒவ்வொரு வருடமும் அந்த டூட்டி என் தலையில்தான் விழும். எனக்கும் அது பிடிக்கும்.

ஏனென்றால் கருட சேவை அன்று போன் தூங்கும். ஊரே தெருவில் இருக்கும்போது யார் யாருக்குப் பேசுவார்கள்? மணி அடித்தாலும் எடுக்க ஆள் இருக்காது. போர்டில் ஒரு மூடி விழாது. வெயில் மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். எங்கோ நாதஸ்வரம் கேட்கும், நிற்கும், திரும்பக் கேட்கும். எட்டு, எட்டரைக்குப் பெருமாள் எங்கள் தெரு முனையைத் தாண்டுவார். முதலில் குடைகளின் உச்சி சன்னலில் தெரியும், பிறகு கருடனின் இறக்கை. பட்டாபிராமன் சார் மற்றவர்களை எல்லாம் சேவிக்க அனுப்பிவிட்டு, தான் மட்டும் அந்தச் சன்னலில் கைகூப்பி நிற்பார். வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் அவர் சூப்பர்வைசர் இல்லை.

அன்று எட்டு மணி தாண்டியதும் டிரங்க் லைனில் ராஜம் வந்தாள்.

"எஸ்தரு, இருபத்தேழு குடுடீ. போலீஸ் ஸ்டேஷன் கால். இன்ஸ்பெக்டர் காத்துக்கினு இருக்கறாரு."

"ஏண்டீ, இன்னா விஷயம்?"

"அது உங்க ஊர் கூத்துதான். கருட சேவைக்கு ஆள் ஏத்திக்கினு கெளம்புன வேன் ஊரைத் தாண்டங்காட்டியும் மைல்கல்லுல மோதிடுச்சாம். டிரைவர் நல்ல தண்ணியாம். புடிச்சி உக்கார வெச்சிருக்காங்க. பேரு சாலமனாம். 'நான் யாரு தெரியுமா, ரைஸ் மில் கன்னியப்ப மொதலாளியோட டிரைவரு'ன்னு ஸ்டேஷன்ல ஒரே அலம்பலாம். அதான் அந்த மொதலாளிக்கே போன் போடறாரு."

"யாருக்காச்சும் அடியா?" என்று கேட்டேன். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஒரு பொம்பளைக்கு நெத்தியில காயம். உள்ள நாலு கொழந்தைங்க இருந்துச்சாம். ஏதோ தப்பிச்சிதுங்க. நீ சீக்கிரம் குடுடீ. இங்க நான் ஒருத்தியா மூணு போர்டு பாத்துக்கினு இருக்கறேன். டைம் நீயே பாத்து சொல்லிடு, புண்ணியமாப் போவும்."

டைம் சொல்ல வேண்டுமென்றால் கீயைத் தள்ள முடியாது. டிரங்க் காலுக்கு மூன்று நிமிடக் கணக்கில்தான் காசு, அந்த மூன்று நிமிடமும் லைனில் இருக்க வேண்டும். அதாவது, என் புருஷன் வேலை போவதை நானே மணி பார்த்துக் கேட்க வேண்டும்.

இருபத்தேழில் பிளக்கைச் செருகி மணி அடித்தேன். எடுக்காதே, எடுக்காதே என்று ஒவ்வொரு மணிக்கும் வேண்டிக்கொண்டேன். கருட சேவை நாள், யாரும் இருக்க மாட்டார்கள். இருக்கவில்லை. பத்து முறை மணி அடித்தும் எடுக்கவில்லை. "பதில் இல்லடீ, எல்லாரும் தெருவுல இருப்பாங்க" என்று ராஜத்திடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். "அஞ்சு நிமிஷம் கழிச்சு போடு, நான் லைனை வெச்சிருக்கறேன்" என்றாள். பிளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கிய கை மடிக்கு வரவில்லை, இருபத்தேழின் மூடி படக்கென்று விழுந்தது.

"எம்மா, எனக்கு மணி அடிச்சிதே. கால் வலி, எழுந்து வர்றதுக்குள்ள நின்னுபோச்சி. யாரு கூப்ட்டது?"

முதலாளியேதான். பின்னால் மில் பெல்ட் சத்தம் இல்லை, அன்று மில் லீவு. அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். 'தெரியாம அடிச்சிட்டேன் ஐயா' என்றால் அவர் போய்ப் படுத்துக்கொள்வார். ராஜத்திடம் இன்னும் இரண்டு முறை பதில் இல்லை என்றால் இன்ஸ்பெக்டர் சலித்துப்போய் விட்டுவிடுவார். சாயந்திரம் சிநேகிதன் ஜாமீன் எடுப்பான். வேலை இருக்கும். வெள்ளைச் சட்டை இருக்கும். என் இடது கையில் டிரங்க் லைனின் பிளக், காதில் அவருடைய மூச்சு. வெளியே நாதஸ்வரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏலக்காய் வாசனை வந்தது.

சன்னலில் குடைகள் தெரிந்துவிட்டன. பட்டாபிராமன் சார் சன்னலுக்குப் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ராஜம் சொன்னதை அவர் மேசையில் கேட்டிருக்க வேண்டும். என் புருஷன் பெயர் அவருக்குத் தெரியும், வேலைக்கான படிவத்திலேயே இருக்கிறது.

"எஸ்தர்," என்றார் மெதுவாக, "நான் வேணா உக்காரட்டுமா?"

அவர் உட்கார்ந்தாலும் கனெக்ஷன் கொடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். ஆனால் கொடுத்தது நான் இல்லை என்று ஆகும், எனக்கு அந்த ஒரு சலுகை செய்ய வந்தார் அந்த மனுஷர். எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். அப்போது அந்த இரண்டு வாலுகள் ஞாபகத்துக்கு வந்தன. 'வேகமாப் போ மாமா.' நாளைக்குக் காலையில் அந்த இரண்டும் இந்த ஆள் ஓட்டுகிற காரில் ஏறும். ஏறலாமா கூடாதா என்று முடிவு பண்ண வேண்டியவர் போனில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"வேணாம் சார்" என்றேன். பிளக்கைச் செருகினேன். "உங்களுக்கு டிரங்க் கால் ஐயா. பேசுங்க."

இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாகிவிட்டது, கேஸ் எழுதியாகிவிட்டது, உங்க டிரைவர்தானா என்று கேட்டார்.

"ஆமா. எங்கிட்ட இருக்கறவன்தான்."

"வழக்கமா குடிக்கறவனா?"

"நான் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு முதலாளி பேசவில்லை. இன்ஸ்பெக்டர் ஹலோ ஹலோ என்றார். கடிகார முள் மூன்றாவது நிமிடத்தைத் தொட்டது. வழக்கப்படி சொல்லியாக வேண்டும்.

"மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பேசறீங்களா?"

ஏழெட்டு வருடமாக என் குரலைக் கேட்கிற முதலாளி. என் பெயர் சொல்ல வேண்டியதே இல்லை, நான் சாலமன் பெண்சாதி என்றும் அவருக்குத் தெரியும். லைனில் சின்னதாக ஒரு இருமல் கேட்டது. பிறகு அவர் பேசினார். குரல் மாறியிருந்தது.

"பேசறோம்மா. இன்ஸ்பெக்டர் சார், அவன் கேட்டா, போன் எடுக்கல, எல்லாரும் கருட சேவைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. எனக்கு தெரிஞ்சிபோச்சின்னு அவனுக்கு தெரிஞ்சா, நான் அவனை இன்னிக்கே நிறுத்தியாவணும். நான் இன்னும் முடிவு பண்ணல. ஜாமீனுக்கு வேன்காரன் வரட்டும்."

லைன் அறுந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். உடனே இருபத்தேழு திரும்ப விழுந்தது.

"எம்மா. இப்போ நாங்க பேசுனது உன் காதுல வுழுந்துதா?"

கெஞ்சலாம். 'ஐயா, ஒரே ஒரு தடவை மன்னிச்சிடுங்க, இதுவரைக்கும் தொட்டதில்ல' என்று கதறலாம். எதிரே அந்தத் தாள் தொங்கிய கிளிப் காலியாக இருந்தது.

"நாங்க கேக்க மாட்டோம் ஐயா" என்றேன்.

"சரிம்மா. நல்லதாப் போச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். சன்னலில் வெறும் வெயில்தான் இருந்தது. நாதஸ்வரம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. "பெருமாள் போயிட்டாரே சார்" என்றேன். "அடுத்த வருஷமும் வருவார்ம்மா" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து என் போர்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மேசைக்குப் போனார்.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்தார். சட்டையெல்லாம் அழுக்கு. "வேன் ரிப்பேராயிடிச்சி எஸ்தரு, வழியிலயே நின்னுபோச்சி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சோற்றுப் பானையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நாலு குழந்தைகள்! தட்டைப் போட்டுச் சோற்றைக் கொட்டினேன். "மொதலாளி வீட்டுலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். "இல்லியே" என்றேன். அவர் உடம்பு அப்படியே தளர்ந்தது, பாரம் இறக்கியவர் மாதிரி. அன்று நாங்கள் இருவரும் ஒரு கவளம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனார். போனவர் வந்துவிடுவார், நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வார் என்று நான் போர்டில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் முகத்தில் ஒரே சிரிப்பு.

"எஸ்தரு, கேட்டியா? மொதலாளி இன்னிக்கு கொழந்தைங்களோட ஸ்கூல் வரைக்கும் வந்தாரு. அதுவும் முன்சீட்டுல, எம் பக்கத்துல! காலங்காத்தால காத்து நல்லாருக்குதாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பத்து வருடமாகப் பின்சீட்டைத் தவிர வேறு எதிலும் உட்காராத மனுஷன் முன்னால் வந்து உட்கார்ந்தது காற்று வாங்க இல்லை. என் புருஷன் வாயிலிருந்து வருகிற காற்றைப் பார்க்க. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

கால் வலியோடு ஒரு வருடம் முழுக்க அந்த முதலாளி தினமும் காலையில் முன்சீட்டில் உட்கார்ந்து போனார். மழையிலும் போனார். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது, "போதும்பா, நீ பாத்து இட்டுக்கினு போ" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இவர் அதற்குப் பிறகு சாராயக்கடை இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டியது லைசென்ஸின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் சட்டை துவைக்கும்போது பார்த்தேன். பார்க்காத மாதிரி மடித்து அவர் பெட்டியில் வைத்தேன்.

முன்சீட்டுப் பெருமையை மட்டும் அவர் விடவே இல்லை. மாதா கோயிலில், டீக்கடையில், எங்கள் பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்தியிடம்கூட: "மொதலாளி பின்னாடி உக்கார மாட்டாரு, எம் பக்கத்துலதான் உக்காருவாரு. அவ்ளோ மரியாதை!" நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். முதலாளி இறந்தபோது வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்தபோதுகூட, பாவம், இந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் போர்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். டயல் போன் வந்தது, நாங்கள் வேறு மேசைகளுக்குப் போனோம். எக்ஸ்சேஞ்ச் சன்னலில் இப்போது யாரோ துணி காயப்போடுகிறார்கள்.

மேலே உள்ளதெல்லாம் மூன்று நாளாக எழுதியது. இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே கேட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார்.

"இன்னா எஸ்தரு, மூணு நாளா எழுதிக்கினே இருக்கறே?"

"கருட சேவையைப் பத்தி."

"எந்த கருட சேவை?"

"நீங்க வேன் எடுத்துக்கினு போனீங்களே, அது."

பேப்பரை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மொதலாளிக்கு தெரியும் எஸ்தரு" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வேன் ரிப்பேர்னு உங்கிட்ட சொன்னேனே, அது பொய். குடிச்சிட்டு ஓட்டி போலீஸ்ல மாட்டிக்கினேன். போன் எடுக்கலன்னுதான் இன்ஸ்பெக்டர் சொன்னாரு. ஆனா மொத நாள் மொதலாளி முன்கதவைத் தொறந்து உக்காந்தாரு பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சி. காத்து வாங்கறவரு ஜன்னல் பக்கம்தான மூஞ்சிய வெப்பாரு? இவரு எம் பக்கம் திரும்பி, 'இன்னா சாலமன், சாப்ட்டியா'ன்னு கேப்பாரு. நான் வாயைத் தொறந்து பதில் சொல்லணும். தெனமும் அதே கேள்வி. ஒரு வருஷம்."

"தெரிஞ்சுக்கினேதான் ஊர் பூரா அப்படிப் பெருமை அடிச்சீங்க?"

"வேற இன்னா பண்ணச் சொல்றே? பத்து வருஷமா பின்னாடி உக்காந்தவரு ஏன் முன்னாடி வர்றாருன்னு நீ கேட்டுட்டா? உனக்குத் தெரியக்கூடாது, அதான் எனக்கு. நீ கேக்கறதுக்குள்ள நானே முந்திக்கினு பெருமையா சொல்லிட்டேன். வேலை போனாக்கூட வேற வேலை தேடிக்கலாம். நீ மூஞ்சிய திருப்பிக்கினா எங்க போறது?"

ஐம்பது வருடம் அவருக்குத் தெரியாமல் நான் காப்பாற்றியதும், எனக்குத் தெரியாமல் அவர் காப்பாற்றியதும் ஒன்றே. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"நீயா இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பே. வேற யாரு கனெக்ஷன் குடுத்தாங்களோ" என்றார். "அந்தப் புண்ணியவதி மட்டும் குடுக்காம இருந்திருந்தா, நான் இன்னொரு தடவை குடிச்சிருப்பேன். அந்தப் பொண்ணுங்களை ஏத்திக்கினு..."

"நான்தான் குடுத்தேன்."

அவர் கண்ணாடியில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நீயா? அன்னிக்கு லைன்ல நீயா இருந்தே?" குரல் உடைந்தது. "எனக்கோசரம் மொதலாளிகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன். "மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொன்னேன்."